ரிவால்வருக்கு வறுத்த ரவை

என் மனைவி கடைசியாக அடுப்படியில் நின்று செய்த வேலை ரவை வறுத்தது. அது யாரும் சாப்பிடுவதற்காக இல்லை, என் ரிவால்வருக்காக. செத்த வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவள் கடைசியாக என்ன சமைத்தாள் என்று கேட்டார்கள். நம் ஆட்களுக்குத் துக்க வீட்டிலும் சாப்பாட்டு விசாரணை இல்லாமல் ஆகாது. நான் வாய்க்கு வந்த எதையோ சொல்லி வைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால், பாவம், பொண்டாட்டி போன கவலையில் மனுசனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நாங்கள் இருக்கும் மோர்டன் முழுக்கப் பேசியிருப்பார்கள்.

முதலில் ரிவால்வரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் சாதாரண மனிதர்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் தோட்டா போடாத பழைய வகை ஒன்று இருக்கிறது. உருளையில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, பின்னால் சிறிய செப்புக் கேப் ஒன்றை மாட்ட வேண்டும். எல்லாம் கையால். காவல்துறையின் உரிமமும், ஒரு கிளப்பின் அங்கத்துவமும், சுவரோடு முடுக்கிய இரும்பு அலமாரியும் இருந்தால் அதை வைத்திருக்கலாம். என்னுடையது என் கொள்ளுத்தாத்தா காலத்துச் சாமான். ஒரு வெடி வெடித்தால் அடுத்த வெடிக்கு, அதன் பின்புறம் இருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் மறுபடி பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகவே ஆகாது. நான் அவசரக்காரன், கோபக்காரன், சிவப்பு விளக்கில் நிற்கும்போதுகூட ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பவன். அதனாலேயே எனக்கு அது பிடித்துப்போனது.

நான் ஈப்போவிலிருந்து படிக்க வந்தவன். படித்து முடித்ததும் திரும்பிப் போவதாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மனிதர்கள் சராசரியாக எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார்கள் என்று கணக்குப் போடும் பிரிவு. அந்த வேலையில் மனிதன் மெதுவாக மரத்துப் போவான். ஒருநாள் அலுவலக நண்பர் ஒருவர் தன் கிளப்புக்குக் கூட்டிப் போனார். பெருஞ்சாலையைத் தாண்டி, சரே மாவட்டப் பக்கம், மரங்களுக்கு நடுவே ஒரு மண்மேடும் தகரக் கூரையும். நான் சுட்டதில் ஒன்றும் இலக்கில் படவில்லை. ஆனால் காரில் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், அந்த மதியம் முழுக்க நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அப்படி ஒரு மதியம் எனக்கு வாய்த்து வருடக்கணக்காகியிருந்தது.

மனைவி யாழ்ப்பாணம். அகதியாக வந்தவள். அவளுடைய அண்ணனும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம், அப்படித்தான் பழக்கம். நான் உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்ன அன்று அவள் கத்தவில்லை. கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனான். நீங்கள் காசு குடுத்துப் போய்ச் சுடப்போறியள். நல்ல பொருத்தந்தான்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் தடுக்கவில்லை. கடைசிவரை கிளப்புக்கு ஒருதடவையும் வரவும் இல்லை. அவள் அதைத் 'துவக்கு' என்பாள். நான் துப்பாக்கி என்பேன், மகள் அதை ஆங்கிலத்தில் ஏதோ சொல்வாள். ஒரு சாமானுக்கு மூன்று பெயர் வைத்த வீடு எங்களுடையது.

இனி ரவை. காகித இலக்கைச் சுடுவதற்கு அறை நிறைய மருந்து தேவையில்லை, கொஞ்சம் போதும். கொஞ்சமாகப் போட்டால் குண்டு அறையின் அடியில் போய் உட்கார்ந்துவிடும், குறி தவறும். ஆகவே மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இடத்தை நிரப்ப எதையாவது போட வேண்டும். அந்த எதையாவது, ரவை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிளப்பில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர்கள் எல்லோரும் சூப்பர்மார்க்கெட் ரவைப் பாக்கெட்டோடுதான் வருவார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்த சிரிப்பில் ஒருவர் கோபித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நானும் அடுக்கிலிருந்த ரவையை எடுத்தேன். வியாழன் மாலை, சமையலறை மேசையில் சிறிய பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ஒரு வெடிக்கு ஒரு குழாய் என்று அளந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். மருந்துக்குச் சிவப்பு மூடி, ரவைக்கு வெள்ளை மூடி. அவள் வந்து எட்டிப் பார்த்தாள். மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பச்சை ரவையையே போடுறியள்?" என்றாள். "வறுக்காமலும் ஆரும் ரவை பாவிப்பினமே?"

சுடுவதற்குத்தானே, சாப்பிடவா போகிறோம் என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பச்சை ரவையில் ஈரம் இருக்கும், வண்டு வரும், கட்டி தட்டும், எதுக்கும் ஒரு முறை இருக்கு என்று சொல்லிக்கொண்டே ரவைப் போத்தலைத் தூக்கிப் போய்விட்டாள். அடுத்த வியாழன் வறுத்த ரவை வந்தது. இளம்பொன் நிறத்தில், உதிரி உதிரியாக. வேடிக்கை என்னவென்றால் அவள் சொன்னது சரி. இங்கே குளிர்கால ஈரத்தில் மற்றவர்களுடைய ரவை குழாயிலேயே கட்டியாகி, தட்டித் தட்டி எடுப்பார்கள். என்னுடையது மணல் போல விழும். அப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் புகையோடு ஒரு மணம் வரும், கேசரி கிண்டப் போகிற வீட்டில் வருகிற மணம். கந்தகத்துக்கு நடுவில் அது வரும்போது பக்கத்து வரிசைக்காரர் தலையைத் திருப்பிப் பார்ப்பார்.

ஏன் வியாழன் என்றால், சனிக்கிழமைதான் கிளப். முதல்நாள் மாலை அளப்பதுதான் வசதி. ஆனால் வெள்ளி மாலை அவள் விளக்கேற்றுவாள். எரிகிற விளக்கும் திறந்த மருந்தும் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அப்ப நீங்கள் வியாழனுக்கு மாத்துங்கோ என்று அவள் சொன்னாள். விளக்கு வென்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலமாரியின் சாவி எங்கே இருக்கிறது என்பது உரிமம் வைத்திருப்பவனுக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும், அதுதான் விதி. ஒரே கட்டிலில் இத்தனை வருடம் படுத்தவளுக்கும் தெரியக் கூடாதாம். அவள் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத நாள் குறைவு. விருந்தாளிகள் முன்னாலேயே சொல்வாள், இந்த மனிசனிட்டை எனக்குத் தெரியாத விசயம் ஒண்டே ஒண்டுதான், அது அந்தச் சாவி இருக்கிற இடம் என்று. நானும் பெருமையாகச் சிரிப்பேன்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் துவக்கு அவள் கைக்குக் கீழே வரும். சரஸ்வதி பூசையன்று. தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் அவளுடைய தையல் மெஷின், மகளின் புத்தகங்கள், என் மடிக்கணினி, கார்ச் சாவி எல்லாம் வரிசையாக இருக்கும். அதோடு ஆயுதம் என்று ஒன்று வீட்டில் உண்மையாகவே இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஆயுத பூசை என்ன பூசை என்று அவள் கேட்டாள். அன்றிலிருந்து காலியான ரிவால்வரைக் கொண்டு வந்து துணி விரித்து வைப்பேன். பிடியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டி முடிந்ததும் நான் கையை நீட்டுவேன், உடனே சண்டை தொடங்கும்.

பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் தொடலாம். இரவு முழுக்க அது அங்கேயே இருக்க வேண்டும். தையல் மெஷினை அவள் தொடமாட்டாள், மகளைப் புத்தகம் திறக்க விடமாட்டாள். நானோ, கையில் இல்லாத நேரம் எல்லாம் அது பூட்டுக்குள் இருக்க வேண்டும், இது சட்டம் என்பேன். ஒவ்வொரு வருடமும் நான்தான் வெல்வேன். ரிவால்வர் அலமாரிக்குள் போகும். அவள் சமாதானமாகாமல், பூட்டிய அலமாரிக் கதவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போவாள். ஒரு வருடமாவது விடியும்வரை விடுங்கோவன் என்பாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பேன்.

கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். இந்த ஊர் மருத்துவர்கள் பேசும் மெல்லிய குரலில் சொன்னார்கள். எனக்குத் தொழில் சராசரிக் கணக்கு. அந்த நோயின் கணக்கு எனக்கு மனப்பாடம். காரில் அவள் என்னிடம் கேட்டாள், உங்கடை கணக்கு என்ன சொல்லுது என்று. நான் வைப்பரை ஓடவிட்டேன், மழை இல்லை.

பிறகு ஒரு மதியம், நிற்கத் தெம்பிருந்த கடைசி நாட்களில் ஒன்று, நான் மாடியில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். கீழேயிருந்து மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு கையால் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ரவையைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பாக்கெட். நான் அகப்பையைப் பிடுங்கப் போனேன், தரவில்லை. ஆறவிட்டு, பெரிய ஊறுகாய்ப் போத்தலில் நிரப்பி, மூடியை என்னிடம் தந்து இறுக்கச் சொன்னாள். அவளுக்கு இறுக்க ஏலவில்லை.

"இது கனநாளைக்குக் காணும்," என்றாள். "முடிஞ்சால் நீங்களே வறுங்கோ. இளம் நெருப்பு. பக்கத்திலையே நில்லுங்கோ, போன் பாக்கக் கூடாது."

அவள் போன பிறகு நான் முட்டாள்தனமாக ஒன்று செய்தேன், அதாவது, வழக்கம்போல இருந்தேன். வியாழன் அளந்தேன். சனி போனேன். வேலை வீட்டிலிருந்துதான், ஆகவே வாரத்தில் நான் மனிதரைப் பார்க்கும் நாள் சனிக்கிழமை. மகள் இதே நகரத்தின் மறுகோடியில், எட்மண்டனில் இருக்கிறாள், மருத்துவமனை ஷிப்ட், வர முடிந்தபோது வருவாள். தினமும் போன் எடுப்பாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஓம், ஆமா, யெஸ் என்று ஆளுக்கேற்ற பாஷையில் பதில் சொல்வேன். என்னை உயிரோடு வைத்திருந்தது அந்த வியாழனும் சனியும்தான். மிகைப்படுத்தவில்லை. மருந்தைக் கொட்டு, ரவையைக் கொட்டு, குண்டை அழுத்து, கேப் மாட்டு, சுத்தியலை இழு, மூச்சை விடு, சுடு. ஒன்றைச் செய்யும்போது அடுத்ததை நினைத்தால் தவறு வரும். வாரத்தில் அந்தச் சில மணி நேரம் மட்டும் அவள் செத்துப்போனாள் என்பதை நான் நினைக்க வேண்டியதில்லை.

போத்தல் குறைவதை எப்போது கவனித்தேன் என்று தெரியாது. கவனித்த பிறகு அதைத் தவிர வேறெதையும் கவனிக்க முடியவில்லை. அவள் கையால் வறுத்ததை நான் வாரா வாரம் மண்மேட்டில் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். கடை ரவையைப் போடலாமே என்று தோன்றாமல் இல்லை. டூட்டிங்கில் தமிழ்க் கடையில் வாங்கி, அவள் சொன்னபடி இளம் நெருப்பில், போன் பார்க்காமல், பக்கத்திலேயே நின்று வறுத்தேன். கருகவில்லை. நன்றாகத்தான் வந்தது. ஆனால் அது வேறு ஒருவர் வீட்டு ரவை போல இருந்தது. குப்பையில் கொட்டினேன். பிறகு வெடிகளைக் குறைத்தேன். மற்றவர்கள் சுட்டுத் தள்ளும்போது நான் ஆறு வெடியோடு நிறுத்தி, தகரக் கூரைக்குக் கீழே தேநீரோடு உட்கார்ந்தேன். கை வலியா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

ஆண்டுத் திவசம் முடிந்தது. அதன் பிறகு வந்த முதல் நவராத்திரியில்தான் போத்தல் காலியானது. அடியைச் சுரண்டினால் ஒரே ஒரு குழாய்க்குத்தான் போதுமாக இருந்தது. வெள்ளை மூடியைப் போட்டு, அதை மருந்துப் பெட்டிக்குள் மற்றக் குழாய்களோடு வைத்துப் பூட்டினேன். அந்தச் சனிக்கிழமை நான் கிளப்புக்குப் போகவில்லை.

சரஸ்வதி பூசைக்கு மகள் வந்தாள். அம்மா செய்தபடியே செய்ய வேண்டும் என்று கடலை அவித்து, கேசரி கிண்டி, தையல் மெஷினைத் துடைத்து வைத்தாள். அந்த மெஷினில் தைக்க இனி யாரும் இல்லை. நான் ரிவால்வரைக் கொண்டு வந்து வைத்தேன். சாமிப் படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி மாலை போட்ட படமாக மனைவி. மகள் சந்தனப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள். காலையில் ஷிப்ட் என்று கேசரியை டப்பாவில் போட்டுக்கொண்டு, என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு ரயிலுக்குப் போனாள்.

நான் பூசை அறையில் நின்றேன். சாவி பையில் இருந்தது. வழக்கப்படி இப்போது கையை நீட்டி எடுத்து, மாடிக்குக் கொண்டு போய் வைத்துப் பூட்ட வேண்டும். சண்டை பிடிக்க ஆள் இல்லை. நான் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அன்று எனக்கு உயிரோடிருக்க விருப்பம் இருக்கவில்லை. வியாழன் போய்விட்டது, சனி போய்விட்டது, மிச்சம் இருந்த நாட்களில் எனக்கு வேலை இல்லை. அதைப் பூட்ட வேண்டுமானால் முதலில் கையில் எடுக்க வேண்டும். கையில் எடுத்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. மருந்து இருக்கிற பெட்டிக்கும் ரிவால்வர் இருக்கிற அலமாரிக்கும் சாவி என்னிடம். மகளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, சட்டம் அப்படி. பூசையில் வைத்த சாமானை விடியும்வரை தொடக் கூடாது என்பது மட்டுந்தான் என்னுடையது அல்லாத ஒரு பூட்டு. அது அவளுடையது. அவள் படத்தைப் பார்த்து, சரி, இந்த வருசம் விடியும்வரை இருக்கட்டும் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன்.

விடிந்தது. குளித்து, விளக்கேற்றி, கும்பிட்டு, எடுத்துக் கொண்டு போய்ப் பூட்டினேன். பிடியில் காய்ந்திருந்த பொட்டைத் துடைக்கவில்லை.

சில வாரங்களில் உரிமம் புதுப்பிக்கும் பரிசோதனைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். நடுத்தர வயது, வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். போன தடவை வேறொருவர் வந்தபோது மனைவி அவருக்கு வடை கொடுத்து, துவக்குப் பற்றி அவளுக்கு ஏதும் ஆட்சேபனை உண்டா என்று அவர் தனியாகக் கேட்டதற்கு, இவர் சாமி கும்பிடுறது காணாது, அதுதான் ஆட்சேபனை என்று சொல்லி அனுப்பினாள். இந்தத் தடவை நான் பிஸ்கட் வைத்தேன். அதிகாரி அலமாரியை அசைத்துப் பார்த்தார், பூட்டுகளைப் பார்த்தார், ரிவால்வரின் இலக்கத்தைப் பார்க்கக் கையில் எடுத்துத் திருப்பினார். பிடியில் மஞ்சளாக இருந்ததை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருடத்துக்கு மேலாக என்னிடம் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் என் மனைவியைப் பற்றிக் கேட்டார். அப்படி அவர் கேட்கவில்லை, எனக்கு அப்படிக் கேட்டது. சந்தனத்திலிருந்து தொடங்கினேன். பூசை, தையல் மெஷின், ரவை, வியாழன், விளக்கு, வருடா வருடம் நடக்கிற சண்டை. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

அப்படியானால் இந்த வருடமும் பூசை முடிந்ததும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டீர்கள் என்று அவர் சொன்னார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. ஆமாம் என்ற ஒரு சொல்லை எடுத்துக் கையில் தந்தது போல இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

இல்லை, இந்த வருடம் விடியும்வரை விட்டேன் என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். பூட்டு மாடியில் இருக்கும்போது ஏன் என்று மெதுவாகக் கேட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மதம் என்று சொல்லலாம், இந்த நாட்டில் அதற்கு மேல் தோண்டமாட்டார்கள். நான் பேசிப் பழகிவிட்டேன், நிறுத்தத் தெரியவில்லை. பூட்டுவதற்கு அதைக் கையில் எடுக்க வேண்டும், எடுக்க எனக்குப் பயமாக இருந்தது, அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது, பூசையின் சாவி என்னிடம் இல்லை என்று சொன்னேன். என் ஆங்கிலம் அன்று இவ்வளவு நன்றாக வந்ததே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அன்று நீங்கள் செய்தது சரி," என்றார். "ஆனால் அதைச் சரி என்று என்னால் எழுத முடியாது."

பிறகு எல்லாம் மரியாதையாக நடந்தது. வெளியே போய்த் தன் அலுவலகத்தோடு பேசினார். ரிவால்வரை இன்றைக்கே எடுத்துப் போக எனக்குச் சம்மதமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தாலும் முடிவு அதேதான், அது இருவருக்கும் தெரியும். என்னோடு இருக்க யாராவது வரும்வரை தான் போகப் போவதில்லை என்றார். அவர் முன்னாலேயே மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் வேலையிலிருந்து கிளம்பினாள்.

அதிகாரி காத்திருந்த நேரத்தில் மருந்துப் பெட்டியையும் பார்க்க வேண்டியிருந்தது. சிவப்பு மூடிக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசியில் ஒரு வெள்ளை மூடி. அதில் மருந்து இல்லை, ரவை, அதை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். என் குரல் அந்த இடத்தில் மட்டும்தான் உடைந்தது. அதுவரை ரிவால்வரைச் சுற்றிக் கட்டும்போதுகூட நான் நன்றாக இருந்தேன். அவர் என் சொல்லை அப்படியே எடுக்க முடியாதுதானே. குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், மூடியைத் திறந்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார்.

"இது சாப்பாடு," என்றார். மூடிப் பத்திரமாக மேசைமேல் வைத்தார்.

மகள் வந்தாள், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை தொங்கியபடியே. அதிகாரி அவளிடம் தனியாகப் பேசிவிட்டு, பொதியோடு காருக்குப் போனார். சந்தனம் பிடியில் அப்படியே இருந்தது. மகள் சமையலறையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அழுது முடித்துவிட்டுத்தான் ரயிலிலிருந்து இறங்கியிருக்கிறாள், முகத்தில் தெரிந்தது.

"ஏனப்பா ஆருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். "அம்மா இருந்திருந்தா அம்மாவுக்குச் சொல்லியிருப்பியள்தானே?"

"அம்மாகிட்டதாம்மா சொன்னேன்," என்றேன்.

அவளுக்கு அது விளங்கியதோ என்னவோ. கை சும்மா இருக்க முடியாமல் மேசையில் கிடந்த குழாயை எடுத்து உருட்டினாள், திறந்தாள். மணம் வந்ததும் கை நின்றது. அம்மா வறுத்ததா என்று கேட்டாள். தலையாட்டினேன். மணம் போய்விடும் என்று பயந்தவள் போல அவசர அவசரமாக மூடியை இறுக்கினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ரயிலில் அழுததை எல்லாம் மறுபடி அழுதாள்.

உரிமம் ரத்தாகிவிட்டது என்று பிற்பாடு தெரிவித்தார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், செய்யவில்லை. என்ன சொல்லி முறையிடுவது? அவர்கள் எழுதியது எல்லாம் நான் சொன்னதுதான். மகள் என்னை மருத்துவரிடம் கூட்டிப் போகிறாள், மாத்திரை போடுகிறேன், ஒழுங்காகத்தான் போடுகிறேன். கிளப்பிலிருந்து ஒருவர் சும்மாவாவது வந்து உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார நான் அவ்வளவு நல்லவன் இல்லை. வியாழன் மாலை மேசையைத் துடைக்கிறேன், அதில் துடைக்க ஒன்றும் இருப்பதில்லை. இரும்பு அலமாரி இன்னும் சுவரில் இருக்கிறது, கழற்றினால் சுவர் பெயரும். சாவியை மகள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னேன், பரவாயில்லை, என்னட்டை இருக்கட்டும் என்றாள்.

குழாய் மனைவியின் படத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒரு ஆளுக்கு உப்புமா கிண்டக் காணாது. மகள் வரும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவாள், திறப்பதில்லை. போன வாரம் நான் திறந்து பார்த்தேன். மணம் போய்விட்டது. மறுபடி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.